ஊர்நடுவே ஒரு கால்வாய்: நிரம்பியிருக்க வேண்டுமா, காலியாக இருக்க வேண்டுமா?

பாகான் டத்தோ படகுத்துறைக்கு ஒரே நாளில் இரண்டு முறை போய்ப் பாருங்கள். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் பேரா ஆறு கரையைத் தொட்டு நிற்கும். ஏறக்குறைய ஆறு மணி நேரம் கழித்துப் போனால் அதே இடத்தில் சேறு தெரியும், நண்டுகள் ஊர்ந்துகொண்டிருக்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வரும் பெரிய ஏற்றங்களின்போது இந்த இரண்டு நீர்மட்டங்களுக்கும் இடையே 2 மீட்டருக்கும் மேல் வேறுபாடு இருக்கும். இந்த 2 மீட்டரை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பாகான் டத்தோ 2017-இல் பேராவின் 12-வது மாவட்டமானது. அந்தக் காலத்திலிருந்தே ‘பாகான் டத்தோ வாட்டர் சிட்டி’, அதாவது நீர் நகரம், என்ற பெயரும் நம் காதில் விழுந்து வருகிறது. நீர் நகரம் என்றதும் பலருக்கு வெனிஸ் நினைவுக்கு வந்துவிடுகிறது. வகுப்பில் மூன்றாம் படிவ மாணவன் ஒருவன் கேட்டான்: “டீச்சர், நம்ம கடைவீதி நடுவுல ஒரு கால்வாய் வெட்டிப் படகு விட்டா, ஈப்போவுலேர்ந்தும் கே.எல்.லேர்ந்தும் ஆளுங்க வருவாங்கதானே? அப்போ எங்க அண்ணன் வேலைக்கு வெளியூர் போக வேணாமே?”

அந்தக் கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை யோசிக்க வைத்தது. எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்விடுகிறார்கள். சாயங்காலமானால் கடைவரிசை அடங்கிவிடுகிறது. ஊர் பிழைக்க ஏதாவது வழி வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த வழி கால்வாயா என்பதுதான் கேள்வி. எந்த ஒரு வரைபடத்தையும் எடுத்து வைத்து நான் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அப்படி ஒரு திட்டம் மேசைக்கு வந்தால் நீங்களும் நானும் என்னென்ன கேட்க வேண்டும் என்பதை அறிவியல் பாடத்திலிருந்து எடுத்துச் சொல்கிறேன்.

கால்வாய்க்கு இரண்டு வேலை

நமக்குக் கால்வாய் புதிதல்ல. இந்தத் தாழ்நிலத்தில் தென்னையும் ரப்பரும் நடுவதற்கு முன் முதலில் தோண்டியது பாரிட்டைத்தான். ஊத்தான் மெலிந்தாங் பக்கம் 1906-இல் தொடங்கிய ஜெண்டராத்தா போன்ற தோட்டங்கள் முதல் சின்னச் சின்னக் கம்பங்கள் வரை எல்லாமே பாரிட், கரைமேடு, மதகு ஆகிய மூன்றை நம்பியே இருக்கின்றன. கடல் இறங்கும்போது மதகு திறக்கும், மழைநீர் வெளியேறும். கடல் ஏறும்போது மதகு மூடும். உப்புநீர் உள்ளே வராது. தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். செம்பனை அந்த அளவு தாங்காது.

சிக்கல் எப்போது வருகிறது? கடல் ஏறி மதகு மூடியிருக்கும் நேரத்தில் கனமழை பெய்தால் வருகிறது. நீர் வெளியே போக வழி இல்லை. உள்ளேயே எங்காவது தங்க வேண்டும். இங்கே ஒரு அகலமான கால்வாய் உண்மையிலேயே உதவும். கணக்குப் போட்டுப் பாருங்கள். கடைவீதியைச் சுற்றி 10 ஹெக்டர் நிலம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10,000 கன மீட்டர் நீர் சேரும். 1 கிலோமீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள கால்வாயில் 1 மீட்டர் உயரம் காலியாக இருந்தால், அதே 10,000 கன மீட்டரை அது வாங்கிக்கொள்ளும். மண்ணில் ஊறும் நீரைக்கூட நாம் கழிக்கவில்லை. நல்ல செய்திதான்.

ஆனால் ‘காலியாக இருந்தால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். படகு விடவும், விளக்கு மின்னவும், ஓரத்தில் உட்கார்ந்து தேநீர் குடிக்கவும் கால்வாய் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். வெள்ளத்தை வாங்கிக்கொள்ள அது மழைக்கு முன்பே காலியாக இருக்க வேண்டும். ஒரே கால்வாயிடம் இரண்டு வேலையையும் கேட்டால், எந்த நேரத்தில் எது முக்கியம் என்று மதகை இயக்குபவர் ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

இந்தச் சிக்கலை ஒரு நகரம் எப்படித் தீர்த்தது என்று பார்ப்போம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள சான் அன்டோனியோ நகரின் ஆற்றோர நடைபாதை உலகப் புகழ் பெற்றது. கடைவீதியை நீரால் உயிர்ப்பித்ததற்கு எல்லாரும் காட்டும் எடுத்துக்காட்டு அது. ஆனால் அதன் கதை உணவகத்தில் தொடங்கவில்லை; 1921 செப்டம்பரில் ஏறக்குறைய 50 பேர் இறந்த வெள்ளத்தில் தொடங்கியது. நகர நிர்வாகம் முதலில் ஆற்றின் மேற்பகுதியில் வெள்ளத்தடுப்பு அணை கட்டியது. பிறகு, நகருக்குள் ஆறு வளைந்து போகும் பகுதியைத் தவிர்த்து, வெள்ளத்தை நேராகக் கடத்த ஒரு மாற்றுக் கால்வாய் வெட்டியது. வளைவுக்கு மதகுகள் வைத்தது. அதன் பிறகுதான், 1939 முதல் 1941 வரை, கட்டடக் கலைஞர் ராபர்ட் ஹக்மன் கனவு கண்ட நடைபாதையும் பாலங்களும் வந்தன. 1997-இல் நகருக்கு அடியில் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளச் சுரங்கமும் அமைத்தார்கள். சுற்றுப்பயணி பார்ப்பது நிரம்பிய நீர். அவர் கண்ணில் படாத இடத்தில் வெள்ளத்துக்கென்று தனி வழி இருக்கிறது. முதல் கேள்வி இதுதான்: நமக்குக் காட்டப்படும் படத்தில் அந்தத் தனி வழி எங்கே?

சேறு எங்கிருந்து வருகிறது?

ஏறக்குறைய 400 கிலோமீட்டர் ஓடிவரும் பேரா ஆறு, மலையிலும் தோட்டத்திலும் கரைந்த நுண்ணிய களிமண்ணைச் சுமந்துகொண்டு நம் ஊரில் கடலைச் சந்திக்கிறது. ஆற்று நீரில் களிமண் துகள்கள் எதிர் மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கும். உப்புநீர் கலந்ததும் அதிலுள்ள அயனிகள் அந்த விலக்கத்தைக் குறைத்துவிடுகின்றன. துகள்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகி அடியில் படிகின்றன. முகத்துவாரத்தில் இவ்வளவு சேறு இருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் குழாய்நீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் அரைக் கரண்டி களிமண்ணைக் கரையுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டுக் கலக்குங்கள். இரண்டையும் அசைக்காமல் வையுங்கள். உப்புப் போட்ட குவளைதான் முதலில் தெளியும். தெளிந்த நீரைப் பார்த்து மகிழாதீர்கள். அடியில் படிந்ததைப் பாருங்கள்.

இப்போது இதே வேலையை அந்த 1 கிலோமீட்டர் கால்வாய் செய்யட்டும். கடல் ஒவ்வொரு முறை ஏறும்போதும் 10,000 கன மீட்டர் நீர் உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரில் 200 மில்லிகிராம் மண் இருக்கட்டும். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண். உண்மை எண்ணை ஆற்றில் அளக்க வேண்டும். அப்படியானால் ஒரு ஏற்றத்தில் 2 டன் மண் உள்ளே வருகிறது. பாதி படிந்து, பாதி திரும்பிப் போனாலும் 1 டன் தங்கிவிடும். நம் கரையில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும். ஆண்டுக்கு ஏறக்குறைய 700 முறை. ஆகவே 700 டன். ஈரச் சேற்றில் ஒரு கன மீட்டருக்கு அரை டன் உலர்ந்த மண் என்று கொண்டால் 1,400 கன மீட்டர் சேறு. கால்வாயின் அடிப்பரப்பில் அதைப் பரப்பினால் 14 சென்டிமீட்டர். ஏழு ஆண்டில் 1 மீட்டர்! திறப்பு விழாவில் 2 மீட்டர் ஆழமாக இருந்த கால்வாய், பாலர் பள்ளிப் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்கு வருவதற்குள் பாதி தூர்ந்துவிடும்.

மண்ணின் அளவு பாதியாக இருந்தால் காலம் இரட்டிப்பாகும். எண் மாறலாம், திசை மாறாது. அசையாத நீரில் மண் படியும். எனவே இரண்டாவது கேள்வி: தூர்வாரும் செலவை எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எடுப்பார்கள்? எடுத்த சேற்றை எங்கே கொட்டுவார்கள்?

தோண்டிய மண்ணில் இருக்கும் அமிலம்

கொட்டும் இடம் ஏன் முக்கியம்? தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையில், ஒரு காலத்தில் அலையாத்திக் காடாக இருந்த தாழ்நிலங்கள் பலவற்றின் களிமண்ணில் பைரைட் என்ற இரும்புக் கந்தகச் சேர்மம் இருக்கிறது. நீருக்கடியில் இருக்கும்வரை அது சும்மா இருக்கும். தோண்டி வெளியே போட்டால், காற்றிலுள்ள உயிர்வளியோடு வினைபுரிந்து கந்தக அமிலமாகும். மழை அதைக் கழுவிப் பாரிட்டில் சேர்க்கும். மீன் தாங்காது, சிமெண்டுச் சுவரும் இரும்புக் கம்பியும் அரிக்கும். சில பாரிட்டுகளில் நீர் செம்மஞ்சளாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறம் இரும்பால் வருவது. அங்கே ஒரு லிட்மஸ் தாளை நனைத்துப் பாருங்கள். நீலத்தாள் சிவப்பானால் காடித்தன்மை இருக்கிறது என்று பொருள்.

மண் மென்மையானது என்பதும் மறக்கக்கூடாத செய்தி. பக்கத்தில் தெலுக் இந்தானில் 1885-இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தை யாரும் சாய்வாகக் கட்டவில்லை. நீர்த்தொட்டியின் பாரத்தை அடிமண் தாங்காததால் அது சாய்ந்தது. நம் பழைய கடைவரிசைகளும் இதே வகைத் தாழ்நில மண்ணின்மேல்தான் நிற்கின்றன. அவற்றை ஒட்டி 2, 3 மீட்டர் பள்ளம் தோண்டினால் பக்கத்து மண் பள்ளத்தை நோக்கி நகரப் பார்க்கும். தாங்குசுவர் அடித்து அதைத் தடுக்க முடியும். பொறியியலாளருக்குத் தெரியாத வேலை அல்ல. ஆனால் அந்தச் செலவு அழகான படத்தில் தெரியாது. கடையின் சுவரில் விரிசல் விட்டால் பொறுப்பு யாருக்கு என்பதையும் தோண்டுவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும்.

நீர் மூச்சுவிட வேண்டும்

குளிர்ந்த நீரில் உயிர்வளி நிறையக் கரையும்; சூடான நீரில் குறைவாகக் கரையும். 10 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 11 மில்லிகிராம் உயிர்வளி கரைய முடியும். நம் ஊர் வெயிலில் 30 பாகையில் அது 7.5 மில்லிகிராம்தான். உப்பு கலந்தால் இன்னும் குறையும். அதாவது ஐரோப்பியக் கால்வாய்களின் குளிர்ந்த நீரைவிட நம் நீருக்குக் கையிருப்பு குறைவு. அதே அழுக்கைப் போட்டாலும் நம் கால்வாய்தான் முதலில் நாறும்.

அந்த அழுக்கு எங்கிருந்து வரும்? பழைய கடைவீதிகளில் சமையலறைக் கழுவுநீர் பெரும்பாலும் நேராக லோங்காங்கில்தான் விழுகிறது. எண்ணெய், சோறு, மீன் கழுவிய நீர் எல்லாம் அதில் அடங்கும். நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைக்கும்போது நீரிலுள்ள உயிர்வளியைத் தின்றுவிடும். உயிர்வளி தீர்ந்ததும் அழுகிய முட்டை வாடை எழும். கரையோர உணவகத்தின் எதிரி, உணவகத்தின் பின்கதவிலிருந்தே வருகிறது.

தலைநகரில் 2011-இல் தொடங்கிய ‘ரிவர் ஆஃப் லைஃப்’ திட்டம் இதற்கு நல்ல பாடம். கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடும் மஸ்ஜிட் ஜாமெக் பக்கம் 2017-இல் நீலவிளக்கும் நீர்ப்புகையும் வந்தன. மக்கள் வந்து படம் எடுத்தார்கள். ஆனால் அத்திட்டத்தில் அழகுபடுத்தல் ஒரு பகுதி மட்டுமே. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, சந்தைக் கழிவைப் பிடிப்பது, குப்பை வடிகட்டிகள் என்று கண்ணுக்குத் தெரியாத துப்புரவு வேலையும் அதில் இருக்கிறது. அவ்வளவுக்குப் பிறகும் மழை பெய்தால் ஆறு பழுப்பாகத்தான் ஓடுகிறது.

“கடல் ஏறி இறங்கும்போது கால்வாய் தானாகக் கழுவப்படுமே” என்று நீங்கள் கேட்கலாம். சரிதான், மதகைத் திறந்து வைத்தால். ஆனால் திறந்து வைத்தால் கடல் இறங்கும் நேரத்தில் படகு சேற்றில் உட்காரும். மலாக்கா ஆற்றில் நீர்மட்டம் இறங்காமல் இருக்க முகத்துவாரத்தை ஒட்டித் தடுப்பணை இருக்கிறது. அதனால் சுற்றுலாப் படகு எந்நேரமும் ஓடுகிறது. நீரைப் பிடித்து வைத்தால் மட்டம் கிடைக்கும், கழுவல் குறையும். திறந்துவிட்டால் கழுவல் கிடைக்கும், மட்டம் போகும்.

தேங்கிய உப்புநீருக்கு இந்தக் கரையில் வேறொரு வரலாறும் உண்டு. 1901-இல் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தை, இன்றைய கிள்ளான் துறைமுகத்தை, மலேரியா காரணமாகச் சிறிது காலத்திலேயே மூட வேண்டி வந்தது. மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்து கட்டுப்படுத்திய பிறகே அது பிழைத்தது. வடிகால் வெட்டியது உயிரைக் காக்கவும்தான்.

கால்வாய் வந்தால் ஆள் வருமா?

தென் கொரியத் தலைநகர் சியோலில் ஒரு மேம்பாலச் சாலையை இடித்துவிட்டு, அதன் அடியில் மூடிக்கிடந்த சொங்கேசொன் ஓடையை 2003 முதல் 2005 வரை மீட்டெடுத்தார்கள். ஏறக்குறைய 5.8 கிலோமீட்டர் நீளம். பக்கத்துச் சாலைகளைவிட ஓடையோரம் சில பாகை குளிர்ச்சி, மக்கள் கூட்டம். ஆனால் அந்த ஓடையில் ஆண்டின் பெரும்பகுதி இயற்கையான நீரோட்டம் இல்லை. நாள்தோறும் ஏறக்குறைய 1,20,000 டன் நீரை, பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து, பம்பு வைத்து ஏற்றுகிறார்கள். ஏறக்குறைய 48 ஒலிம்பிக் நீச்சல் குளங்கள் நிறையும் நீர் அது. மின்கட்டணம் ஒவ்வொரு மாதமும் வரும். அங்கே கடைபோட்டிருந்த தெருவோர வியாபாரிகள் பலர் இடம்பெயர வேண்டியிருந்தது. மேலும், சியோல் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வாழும் நகரம். ஆள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரம் இன்னும் பொருத்தமான ஒப்பீடு. கிடங்குகள் மட்டுமே இருந்த பிரிக்டவுன் பகுதியில் 1999-இல் ஏறக்குறைய ஒரு மைல் கால்வாய் திறந்தார்கள். அந்தப் பகுதி உயிர்பெற்றது உண்மை. ஆனால் கால்வாய் தனியாக வரவில்லை. 1993-இல் மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட தற்காலிக விற்பனை வரியில் விளையாட்டரங்கம், நூலகம் முதலிய பல திட்டங்கள் சேர்ந்து வந்தன. தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று உங்கள் பிள்ளை படிக்கிறதல்லவா? பல மாறிகளை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, விளைவுக்குக் கால்வாய்தான் காரணம் என்று சொன்னால் தேர்வில் மதிப்பெண் கிடைக்காது.

வெனிஸையும் விட்டுவிட வேண்டாம். கடல் உள்ளே வராமல் தடுக்க மூன்று நுழைவாயில்களில் 78 மதகுகள் கட்டி, 2020 அக்டோபரில் முதன்முறையாக வெள்ளத்துக்கு எதிராக உயர்த்தினார்கள். உலகக் கடல்மட்டம் 1900-க்குப் பிறகு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. நாம் பார்த்து ஏங்கும் ஊர் கடலை வெளியே நிறுத்தப் பாடுபடும்போது, நாம் கடலைக் கடைவாசலுக்கு அழைத்து வருவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

அப்படியென்றால் வேண்டாமா?

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். நம்மிடம் ஏற்கெனவே ஆறு இருக்கிறது. அதன் அழகைப் பார்க்கப் புதிதாக எதையும் தோண்ட வேண்டியதில்லை. கடைகளின் கழுவுநீரைப் பிடிக்கும் எண்ணெய்ப் பொறிகள், இருக்கும் பாரிட்டின் துப்புரவு, ஒழுங்காக இயங்கும் மதகு, நிழல்மரங்களோடு ஓர் ஆற்றோர நடைபாதை ஆகியவை முதலில் வரட்டும். கால்வாய் வந்தாலும் வராவிட்டாலும் இவை பயன்படும். அதன்பின் இருக்கும் ஒரு பாரிட்டில் நூறு மீட்டரை மட்டும் சீராக்கி, இரண்டு மழைக்காலம் அளந்து பார்க்கலாம். எவ்வளவு சேறு படிந்தது, உயிர்வளி எவ்வளவு, காடித்தன்மை எவ்வளவு, வாரக் கடைசியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதி வைத்தால் அதுவே சோதனை. அந்த எண்கள் நல்லபடியாக வந்தால், கால்வாய் வேண்டும் என்று நானே முதல் ஆளாகக் கேட்பேன்.

அந்த மாணவனுக்கு மறுவாரம் இதைத்தான் சொன்னேன். அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அப்போ அளக்குற வேலைய யாரு செய்வா டீச்சர்?” என்றான். நீர்ப்பாசன வடிகால் இலாகா செய்ய வேண்டும், உள்ளூராட்சி மன்றம் கேட்க வேண்டும் என்றேன். ஆனால் குவளையும் உப்பும் லிட்மஸ் தாளும் வாங்க அதிகம் செலவாகாது. பள்ளிக்குப் பின்னால் ஓடும் பாரிட்டில் எங்கள் அறிவியல் கழகம் அளக்கத் தொடங்கலாம். உங்கள் வீட்டுப் பக்கம் ஒரு பாரிட் இருந்தால் நீங்களும் தொடங்கலாம். நாளை ஒரு கூட்டத்தில் வண்ணப்படம் காட்டப்படும்போது, “இந்தக் கால்வாய் மழைநாளில் நிரம்பியிருக்குமா, காலியாக இருக்குமா?” என்று எழுந்து கேட்க, கையில் எண்களோடு நான்கு பேராவது நம் ஊரில் இருக்க வேண்டும்.